எட்டுக் கண்ணாடிகளில் ஒரு குழி

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே குளிருக்கும் காற்றுக்கும் ஒரு குறையும் இல்லை, எனக்கும் அப்படியே. தொலைநோக்கிக்காக உங்கள் மெருகுக் கூடத்திலிருந்து வந்த பதின்மூன்று கண்ணாடிகளும் ஒரு கீறல் இல்லாமல் மலை ஏறிவிட்டன. பெட்டியைத் திறக்கும்போது எங்கள் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "எங்க அண்ணி அனுப்பின பெட்டி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நான் ஆணியைக் கழற்றுவேன். பெருமையடித்துக்கொள்ள எனக்கும் ஏதாவது வேண்டாமா.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அலுவலக மெயிலில் ஒரு வரி எழுதினால் இந்தத் தொலைநோக்கியைச் சேர்ந்து கட்டுகிற மூன்று நாட்டு ஆட்களும் படிக்கிறார்கள். ஃபோனிலோ நீங்கள் அளவைத் தவிர வேறு பேசுவதில்லை. அதனால் வாராவாரம் உங்கள் கூடத்துக்கு வருகிற தபால் பையில் இதைச் சொருகிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது நாட்டுக்காரர்கள் செய்த தாங்கிகள் போன மாதம் வந்தன. தொலைநோக்கியில் பொருத்துவதற்கு முன்னால், உங்கள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அந்தத் தாங்கியில் உட்கார வைத்து எங்கள் மேடையில் அளக்கிறோம். முதல் கண்ணாடியில், அறுகோணத்தின் ஒரு விளிம்போரம், ஒரு குழி தெரிந்தது. தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஆழம். வெளியாள் கேட்டால் சிரிப்பான், உங்களுக்குச் சிரிப்பு வராது. தாங்கிதான் இழுக்கிறது என்று நினைத்து இரண்டாவதை வைத்தேன். அதே விளிம்பு, அதே குழி. மூன்றாவதிலும் அப்படியே.

இதுவரை என் அணியைத் தாண்டி யாருக்கும் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அண்ணன் ஏன் ஃபோனை எடுப்பதில்லை? எடுத்தாலும் "நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார்.

நீங்கள் வைத்த பெயராலேயே கையெழுத்துப் போடும் உங்கள் நாத்தனார்,
வாலு

—

மார்ச் 14

என் அன்பு வாலுக்கு,

கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணாடியில் குழியா? காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் அளந்தாயா?

இங்கே எப்படி அளக்கிறோம் என்று நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய், அதனால் சொல்கிறேன். கண்ணாடி முகம் மேலே பார்க்கப் படுத்திருக்கும். கூரையிலிருந்து தரைவரை அதைச் சுற்றி பிளாஸ்டிக் திரை. உள்ளே காற்று அசையக் கூடாது என்பதற்காக அது. மேலேயிருந்து ஒளி இறங்கிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். மத்தியானம் முழுக்க விடாமல் அளந்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்போம். நான் திரைக்கு வெளியே, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். படத்தில் எங்கே மேடு சிவப்பாகத் தெரிகிறதோ அங்கே மறுநாள் அந்த அளவுக்குச் சீவுவோம். மேடும் குழியும் அடங்கிய பிறகுதான் பெட்டி கட்டுவேன். இதில் குழி எங்கிருந்து வரும்?

உன் மேடையைச் சந்தேகப்படு. ஒரு வேலை செய். கண்ணாடியை மேடைமேல் அரை வட்டம் சுற்றிவைத்து மறுபடி அள. குழி இருந்த இடத்திலேயே நின்றால் குற்றம் உன் மேடையில். கண்ணாடியோடு சேர்ந்து சுற்றினால் குற்றம் என்னிடம். சுற்றாது, பார்த்துக்கொண்டே இரு.

உன் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. ஃபோன் அடித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போவது உங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான புதிதில் நான் அதைக் காது கேட்காத நோய் என்றே நினைத்துக் கவலைப்பட்டேன்.

குழி இல்லாத கண்ணாடிகளின் சொந்தக்காரி,
உன் அண்ணி

—

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

சுற்றிவைத்தேன். குழியும் சுற்றியது.

இதை எழுத எனக்கு மனமே வரவில்லை. மூன்று கண்ணாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தாங்கிகளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். குழி கண்ணாடியில்தான் இருக்கிறது.

இன்னொன்று. பதின்மூன்றையும் அளந்து முடித்துவிட்டோம். முதல் எட்டில் குழி இருக்கிறது. ஒன்பதாவதிலிருந்து இல்லை, சுத்தமாக இல்லை. நீங்கள் அனுப்பிய தேதிப்படி பார்த்தால் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் வருவது நவம்பர் மாதம். அந்த மாதம் கூடத்தில் ஏதோ மாறியிருக்கிறது. கருவியா, ஆளா, நேரமா? யோசித்துச் சொல்லுங்கள் அண்ணி. காரணம் தெரிந்தால் எட்டையும் உங்களிடமே திருப்பி அனுப்பிச் சரிசெய்யலாம். தெரியாவிட்டால் மூன்று நாட்டுக் குழு எட்டையும் இன்னொரு பட்டறைக்குக் கொடுத்துவிடும். அவர்கள் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எட்டு போனால் அதன் பின்னாலேயே இனி வரவேண்டிய நூறும் போய்விடும். உங்கள் கூடத்தில் அத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

நான் குழியை மறைக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும்.

அண்ணன் இன்னும் ஃபோனை எடுக்கவில்லை.

உங்கள் நாத்தனார்,
வாலு

—

ஏப்ரல் 9

வாலு,

ஒரு வாரமாகக் கூடத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். ஒளி விளக்கு அதேதான். சீவும் எந்திரம் அதேதான். தரையைத் தோண்டவில்லை, சுவரை இடிக்கவில்லை, ஏசியின் வேகத்தைக்கூட யாரும் தொடவில்லை. நவம்பரில் கூடத்தில் எதுவும் மாறவில்லை. இது நான் கேட்டுச் சொல்வது இல்லை, நானே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சொல்வது.

குழி சுற்றியது என்றால் அது என் கண்ணாடியில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காரணம் இல்லாமல் குழி வராது. காரணம் இருந்தால் நான் கண்டுபிடிப்பேன். இந்தத் தொழிலில் என்னை ஏமாற்றிய கண்ணாடி இதுவரை பிறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு.

உன் அண்ணன் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார். மலைக்காற்றில் காதை மூடிக்கொள்.

உன் அண்ணி

—

ஏப்ரல் 20

அண்ணி,

அண்ணனைப் பிடித்துவிட்டேன். அவர் பிழை திருத்திக் கொடுக்கும் அச்சகத்து எண்ணுக்கு அடித்தேன். அங்கே அவர் அடுத்த அறைக்கு ஓட முடியாது.

"எங்கே அண்ணா இருக்கே?"

"இங்கதான், அச்சகத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்திருக்கேன்."

"எப்பலேருந்து?"

"நவம்பர்லேருந்து."

நவம்பர் என்றதும் எனக்கு உங்கள் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. என்னைத் திட்டுங்கள், ஆனால் அதுதான் முதலில் வந்தது. அண்ணி கூடச் சண்டையா என்று கேட்டேன்.

"சண்டை போட ரெண்டு பேர் வேணுமே. மத்தியானம் ஆனா புரூஃப் கட்டை எடுத்துக்கிட்டு உன் அண்ணி கூடத்துக்குப் போயிடுவேன். பாடப்புத்தகம் திருத்துறதுக்கு எந்த இடமா இருந்தா என்ன, அவ பக்கத்துல இருக்கலாம்னுதான் போனேன். நான் வந்திருக்கேனா இல்லையான்னு ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்ல. இந்த ஊர்ல வேலை வந்துச்சு, போகட்டுமான்னு கேட்டேன். அளவு முடியட்டும், சொல்றேன்னா. எந்த அளவுன்னு சொல்லல."

"அங்க எங்க உக்காருவே?"

"மொதல்ல வாசல் பெஞ்சுல. ஏசி காத்து நேரா கழுத்துல அடிச்சுது. அப்புறம் அந்த பிளாஸ்டிக் திரைக்குள்ள ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டேன். உள்ள காத்தே கிடையாது. நிம்மதியா இருக்கும்."

அண்ணி, மீதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும். ஒரு மனிதர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்தால் அவர் உடம்புச் சூட்டில் பக்கத்துக் காற்று லேசாகச் சூடாகும். அந்த விளிம்புக்கு மேலே அது எழும்பும். அதன் வழியாகப் போய்வருகிற ஒளிக்கு அந்த இடம் மேடாகத் தெரியும். நீங்கள் இல்லாத மேட்டைச் சீவியிருக்கிறீர்கள். அண்ணன் எழுந்து போனதும் குழி மட்டும் மிச்சம். அளவு ஓடும்போது மூச்சு விடக் கூடாது என்பது உங்கள் சட்டம். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தச் சட்டத்தையும் மதித்ததில்லை, அவர் இதை மட்டும் மதித்துச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு உங்கள்மேல் கோபம். அவர் போய் இத்தனை மாதம். "வேலை விஷயமாக வெளியூர்" என்று எனக்கே எழுதினீர்களே.

அடுத்த புதன்கிழமை குழு கூடுகிறது. குழியை நான் சொல்லியாக வேண்டும். காரணத்தை நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா?

வாலு

—

மே 2

என் அன்பு வாலுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை நான் பேசியதை நீயே கேட்டாய். வீடியோ கூட்டத்தில் கணினியின் மூலையில் உன் முகம் தெரிந்தது. என்னைவிட நீதான் வெளுத்துப்போயிருந்தாய்.

"அளக்கும்போது திரைக்குள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் என் கணவர். அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. கூடத்தின் பொறுப்பு என்னுடையது" என்று நாலு வரி சொன்னேன். எனக்கு அது அவமானமாகவே இல்லை, நம்பு. காரணம் தெரியாமல் இருந்த அந்த ஒரு மாதம்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. குழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்ய என்னைவிட்டால் ஆள் கிடையாது. கண்ணாடியைத் தூக்கிவைக்கும் கிரேன் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார் தினமும் உள்ளதான் உக்காருவாரு. நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்கிறார். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். அவர் போனபோது எனக்கு வந்த பயம் அவரைப் பற்றியது இல்லை. அண்ணன் போனால் நாத்தனாரும் போய்விடுவாள் என்று பயந்தேன். நீ யார் பக்கம் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் கேள்வியே வராமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வேறு சிக்கல். தாங்கிக்காரர்களின் தலைவர், நம் தாடிக்காரர், சொன்னது நினைவிருக்கிறதல்லவா? "சொன்னால் போதாது, செய்து காட்டுங்கள். ஓர் ஆளை அங்கே உட்கார வைத்து அளந்தால் அந்த மேடு மறுபடி வர வேண்டும்." நியாயமான மனிதர், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கிரேன்காரரை உட்கார வைத்தேன். மேடு வந்தது, பாதி உயரத்துக்கு. அவர் ஒல்லி, அதோடு பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவரோடு இன்னொருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். உயரம் சரியாக வந்தது, வடிவம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு படத்தையும் தாடிக்காரருக்கு அனுப்பினேன். "பாதி மேடு பாதிக் காரணம்தான், மீதிப் பாதி எங்கே?" என்று பதில் வந்தது. மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் எட்டும் அந்தப் பட்டறைக்கு.

நீ என்ன எழுதப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணனைக் கூப்பிட மாட்டேன். ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது கூப்பிட்டால், "கண்ணாடிக்கு வேணும்னாதான் என் ஞாபகம் வருமா" என்று கேட்பார். அவர் கேட்பது சரியாகவும் இருக்கும். கூடத்தைக் காப்பாற்ற வேறு வழி தேடுகிறேன்.

உன் அண்ணி
(இன்னும் அப்படி எழுதலாம் என்றால்)

—

மே 10

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணிக்கு, அண்ணிக்கு,

போதுமா? அடைப்புக்குறிக்குள் இனி இந்த மாதிரி எதையாவது எழுதினால் உங்கள் அடுத்த கண்ணாடியை நானே உருட்டிவிடுவேன். உங்களுக்கு நாத்தனாராக இருப்பது என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டா முடிவு செய்தேன்? வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோது என்னைப் பொறியியல் படிக்க அனுப்பியது நீங்கள். அண்ணன் அப்போதும் அடுத்த அறையில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அண்ணன் பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. எட்டுக் கண்ணாடி பக்கம். அதனால் சொல்வதைக் கேளுங்கள்.

நீங்கள் அவரைத்தான் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டால் தங்கச்சி சொன்னாள் என்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். கண்ணாடிக்காகக் கூப்பிடுவது கேவலம் என்கிறீர்கள். அப்படியென்றால் கண்ணாடிக்காகத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கூப்பிடுங்கள். ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொன்னால் அவர் பிடித்துவிடுவார். நாள் முழுக்க அடுத்தவர் பிழையைப் பிடிப்பதுதானே அவர் தொழில்.

அவர் கேட்டால் கேட்கட்டும். கேட்பதற்காவது இருவரும் ஒரே அறையில் இருப்பீர்கள். கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், தபால் பை காலியாகத்தான் வருகிறது.

உங்கள் நாத்தனாரேதான்,
வாலு

—

மே 27

என் அன்பு வாலுக்கு,

உன்னைத் திட்டித்தான் எழுத நினைத்தேன். நேரம் கிடைக்கவில்லை.

உன் கடிதத்தை மடித்து வைத்த கையோடு அச்சகத்துக்கு ஃபோன் செய்தேன். அவர் குரல் கேட்டதும் எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை, அதனால் நீ சொன்னபடியே பேசினேன். "கண்ணாடிக்காகத்தான் கூப்பிடறேன். வேற காரணம் சொன்னா அது பொய். ஒரு மத்தியானம் வந்து நீங்க உக்கார்ற மாதிரி உக்காரணும்." அவர் "நாற்காலி அதே நாற்காலியா?" என்று கேட்டார். அதேதான் என்றேன். "அப்ப வரேன்" என்றார்.

திங்கட்கிழமை வந்தார். இளைத்திருக்கிறார் என்று நீ கவலைப்பட வேண்டாம், இளைத்திருந்தால் என் அளவு கெட்டுப்போயிருக்கும். கையில் புரூஃப் கட்டு. கூடத்தில் எல்லோரும் அவரிடம் நலம் விசாரித்தார்கள், நான் மட்டும்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் நேராகத் திரைக்குள் போய், நாற்காலியை விளிம்போரமாக இழுத்துப் போட்டு, ஒரு காலை மடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கிரேன்காரரை வைத்து மேடு ஏன் சரியாக வரவில்லை என்று. மனிதர் உட்கார்வதே கோணல்.

நான் என் இடத்துக்குப் போனேன். வழக்கமாகத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்வேன் அல்லவா, அன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் வழியாக ஆள் கலங்கலாகத்தான் தெரிந்தார். சிவப்புப் பேனா அசைவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

அளவு முடிந்ததும் படத்தை எடுத்தேன். எட்டுக் கண்ணாடியின் குழியோடு பொருத்திப் பார்த்தேன். உயரமும் ஓரமும் வளைவும் அச்சு அசலாக ஒன்று. தாடிக்காரருக்கு அனுப்பினேன். "இனி எனக்குக் கேள்வி இல்லை. எட்டையும் நீங்களே திருத்துங்கள்" என்று பதில் வந்தது. குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டதை நீ அறிவாய். இனி வரவேண்டிய நூறும் இங்கேதான். கூடத்தில் கைதட்டிய சத்தத்தில் அடுத்த அறையில் இருந்தவர்கள் எதுவோ உடைந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார்கள்.

ஆட்கள் கலைந்த பிறகு உன் அண்ணன் கணினி முன்னால் வந்து நின்றார். சிவப்பாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"இது நானா?"

"ஆமா."

"எட்டுலயும் இருக்கேனா?"

"எட்டுலயும்."

"நான் இருந்தது உனக்குத் தெரியவே இல்ல."

"எனக்குத் தெரியல. கருவிக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதான் எனக்கு ஆறவே இல்ல."

அவர் "இந்தக் குழியை எப்படி ரொப்புவே?" என்று கேட்டார்.

"குழியை ரொப்ப முடியாது. சுத்தி இருக்கற கண்ணாடி முழுசையும் அந்த மட்டத்துக்கு இறக்கணும்."

"ரொம்ப வேலையா?"

"ரொம்ப."

சாயங்காலம் வாசல்வரை கூடப் போனேன். ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை, ஏன் தேடி வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. என்ன சமைக்கிறாய் என்று கேட்டார், தினமும் ஒரே குழம்பு என்றேன். முகத்தில் ஒரு திருப்தி. உங்கள் குடும்பத்துக்கு இரக்கம் கிடையாது.

இனிமேல் புதுச் சட்டம். அளவு ஓடும்போது அந்த அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது, நான் உட்பட. கணினியை வெளி வராந்தாவுக்கு மாற்றிவிட்டோம். வெள்ளிக்கிழமை பதினான்காவது கண்ணாடியை அந்த வெற்று அறையில் அளக்கிறோம். அவர் ஆட்டோவில் ஏறும்போது அதைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை அறை காலியா இருக்கணும். நீங்க வரவேண்டிய வேலை எதுவும் இல்ல."

"தெரியும்" என்றார். "காலை வண்டியிலேயே வந்துடறேன்."

உன் அண்ணி